முன்கள வீரருள் முதல்வர் யார்?



சங்க மலரில் கூடைப்பந்துக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். இது பந்தைப் பற்றிய கட்டுரைதான். ஆனால் பந்தைப் பற்றி மட்டும் பேசுவதன்று. மனிதரை ஒருவர் கீழ் ஒருவராக எழுதி வரிசைப்படுத்துவது எத்துணைப் பொறுப்பான செயல் என்பதை நான் கற்றுக்கொண்ட கதையும் இதில் உண்டு. தகுதிப் பட்டியல், தேர்வுப் பட்டியல், காத்திருப்போர் பட்டியல் எனப் பட்டியல்களின் நடுவே வாழும் மாணவர்களாகிய நமக்கு இது பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

சென்ற மார்கழியில் ஓரிரவு. விடுதி மெஸ்ஸில் சப்பாத்தியும் பருப்பும் உண்டு முடித்தோம். வெளியே பனிமூட்டம், எழுந்து போக ஒருவருக்கும் மனமில்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கூடைப்பந்தில் வந்து நின்றது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில், ஆடி ஓய்வுபெற்றுவிட்ட முன்கள வீரர்களுள் எக்காலத்துக்கும் தலைசிறந்தவர் யார் என்பது கேள்வி. வடநாட்டு நண்பர் ஒருவர் லாரி பேர்ட் என்றார். நெல்லை நண்பர் டிம் டங்கன் என்றார். நான் கார்ல் மலோன் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். வாழ்நாளில் 36,928 புள்ளிகள் எடுத்தவர். இதற்குமேல் சான்று எதற்கு என்பது என் வாதம்.

அடுத்த மேசையில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அமர்ந்திருந்தார். எங்களுக்கெல்லாம் அண்ணன் போன்றவர். அவர் புன்னகையோடு, "தம்பி, நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். எந்தக் கோலால் அளந்தாய்?" என்று கேட்டார்.

"புள்ளிக் கணக்குத்தான் அண்ணே" என்றேன்.

"புள்ளி எடுத்தவனை எழுதிக்கொண்டாய். எடுக்கவிடாமல் தடுத்தவனை எந்த ஏட்டில் எழுதினாய்?"

விடை தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு அறைக்குச் சென்றேன்.

ஒரு திங்கள் கழித்து அதே கேள்வி வேறு வடிவில் என்னைத் தேடி வந்தது. விடுதிகளுக்கிடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டிக்கு எங்கள் அணியைத் தேர்ந்தெடுக்கும் மூவருள் நானும் ஒருவன். ஆட விரும்பியோர் பத்தொன்பதின்மர். அணிக்கு வேண்டியோர் பன்னிருவர். மூன்று வாரப் பயிற்சி ஆட்டங்களில் ஒவ்வொருவரும் எடுத்த புள்ளிகளை ஓர் ஏட்டில் குறித்துக் கூட்டினேன். பெரிய எண் மேலே, சிறிய எண் கீழே. பன்னிரண்டாம் பெயருக்குக் கீழே அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தேன். கோட்டுக்குக் கீழே முதலாவதாக நின்ற பெயர் என் அறைத்தோழருடையது. மேலே இருந்தவருக்கும் அவருக்கும் வேறுபாடு நான்கே புள்ளி.

அவர் கூடையை நோக்கி அதிகம் எறியமாட்டார். எதிரணியின் உயரமான ஆளைத் தடுத்து நிற்பார். தவறி விழும் பந்தைப் பாய்ந்து எடுப்பார். எடுத்ததைப் பிறரிடம் கொடுத்துவிடுவார். இவற்றுக்கு என் ஏட்டில் கட்டமே இல்லை. பட்டியலைப் பார்த்த அவர், "சரி, பரவாயில்லை" என்று மட்டும் சொன்னார். முதல் ஆட்டத்தன்று களத்தோரம் உட்கார்ந்து எங்கள் ஸ்வெட்டர்களைக் காத்துக்கொண்டிருந்தார். அன்று எதிரணியின் உயரமான ஆட்டக்காரர் தவறிய பந்துகளையெல்லாம் தாமே எடுத்துத் தாமே போட்டார். நாங்கள் தோற்றோம். அறைத்தோழர் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று நான் கூறவரவில்லை. ஓர் ஆட்டத்தை வைத்து அப்படிச் சொன்னால் அதுவும் பிழையான அளவேயாகும். என் கோல் பிழையானது என்பது மட்டும் அன்று எனக்கு ஐயமின்றி விளங்கிற்று.

ஆகவே மெஸ்ஸில் எழுந்த கேள்வியை மீண்டும் கையில் எடுத்தேன். பழைய கணக்குகளையும் படக்காட்சிகளையும் ஓய்வு நேரங்களில் பார்த்து வந்தேன். அதன் பயனை இனிக் காண்போம்.

யார் யாரை ஒப்பிடுவது?

கூடைப்பந்தில் ஓர் அணிக்குக் களத்தில் ஐவர். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துவோர் கார்டுகள் இருவர். கூடையடியில் நிற்பவர் சென்டர். இவர்களுக்கிடையே ஆடும் இருவரே முன்கள வீரர். களத்தில் நாம் பார்வர்டு என்று அழைப்பவர்கள். இவர்களிலும் இருவகை உண்டு. வெளியிலிருந்து எறிந்தும் ஓடிப் புகுந்தும் ஆடுபவர் ஒருவர். கூடைக்கருகே தோளால் இடம் பிடித்து, தவறி வரும் பந்தைக் கைப்பற்றுபவர் மற்றவர். அவ்வாறு கைப்பற்றுதலையே ரீபவுண்டு என்கிறோம்.

நான் எடுத்துக்கொண்டோர் எண்மர்: பாப் பெட்டிட், எல்ஜின் பேய்லர், ஜூலியஸ் எர்விங், லாரி பேர்ட், கார்ல் மலோன், கெவின் கார்னெட், டிர்க் நொவிட்ஸ்கி, டிம் டங்கன். ஆட்டத்தை முடித்துக்கொண்டோரை மட்டுமே கொண்டேன். முடியாத கணக்குக்குக் கூட்டுத்தொகை எழுதுவது முறையன்று. டங்கன் சில ஆண்டுகள் சென்டராகவும் ஆடினாரே என்று கேட்பீராயின், ஆண்டின் சிறந்த அணிகளில் அவர் பெரும்பாலும் முன்கள வீரராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது என் விடை.

ஊருக்கு ஊர் படி வேறு

என் பாட்டியின் இளமையில் ஊருக்கு ஊர் படி வேறாம். ஓரூரில் பத்துப் படி என்று அளந்து கட்டிய நெல், சந்தை கூடும் அடுத்த ஊரில் எட்டுப் படியாக நிற்கும். நெல் வழியில் சிந்தவில்லை, படிதான் பெரிதாயிற்று. ஆட்டக்காரரின் எண்களும் இத்தகையனவே. அளந்த காலத்தின் படி எவ்வளவு பெரிது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1961-62ஆம் ஆண்டுப் பருவத்தில் செயின்ட் லூயிஸ் அணியின் பெட்டிட் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 31.1 புள்ளிகளும் 18.7 ரீபவுண்டுகளும் பெற்றார். 2003-04இல் மினசோட்டா அணியின் கார்னெட் பெற்றவை 24.2 புள்ளிகளும் 13.9 ரீபவுண்டுகளும். எண்களை மட்டும் பார்ப்பவர் பெட்டிட்டே மேல் என்று கூறிப் போய்விடுவார்.

ஆனால் 1961-62இல் ஆட்டம் மிக விரைவாக நடந்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 108 முறை கூடையை நோக்கி எறிந்தது. 2003-04இலோ ஏறத்தாழ 80 முறைதான். எறிந்தவற்றுள் கூடையில் விழுந்த விகிதம் இரு காலத்திலும் ஏறக்குறைய ஒன்றே. நூற்றுக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. எறிவது மிகுந்தால் விழுவதும் மிகும்; தவறுவதும் மிகும். தவறுவது மிகுந்தால் எடுக்க வேண்டிய ரீபவுண்டும் மிகும். ஆகவே அன்று ஓர் அணியின் சராசரி 118.8 புள்ளி, 71.4 ரீபவுண்டு. கார்னெட்டின் ஆண்டில் 93.4 புள்ளி, 42.2 ரீபவுண்டு.

இப்போது வகுத்துப் பாருங்கள். பெட்டிட்டின் புள்ளிகள் அக்காலத்துச் சராசரி அணி ஒன்றின் புள்ளிகளில் நூற்றுக்கு 26.2 பங்கு. கார்னெட்டுடையவை தம் காலத்துச் சராசரியில் 25.9 பங்கு. முப்பத்தொன்றும் இருபத்து நான்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன! ரீபவுண்டிலோ நிலைமை தலைகீழாயிற்று. பெட்டிட்டுக்கு 26.2; கார்னெட்டுக்கு 32.9. அதிலும் பெட்டிட் களத்தில் நின்றது ஆட்டத்துக்கு 42 நிமிடம். கார்னெட் 39 நிமிடம்.

இதனால் பெட்டிட் தாழ்ந்தார் என்று கொள்ளலாகாது. தம் காலத்து அணியின் புள்ளிகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மனிதர் எடுப்பது எக்காலத்திலும் பெரிதே. தாழ்ந்தது அவர் அன்று; நம் கண்ணை மயக்கிய எண்தான்.

ஏட்டில் இல்லாத கட்டங்கள்

அடுத்து வருவது ஆராய்ச்சி அண்ணன் கேட்ட கேள்வி: தடுத்தவனை எந்த ஏட்டில் எழுதினாய்?

எறிந்த பந்தைத் தட்டி வீழ்த்துவதைப் பிளாக் என்பர். எதிரியின் பந்தைப் பறிப்பதை ஸ்டீல் என்பர். என்.பி.ஏ. என வழங்கும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் இவ்விரண்டையும் எண்ணத் தொடங்கியது 1973-74ஆம் பருவத்தில்தான். பெட்டிட் ஓய்வு பெற்றது 1965இல். பேய்லர் விலகியது 1971இல். ஆகவே இவ்விருவரும் தட்டிய பந்துகளும் பறித்த பந்துகளும் கணக்கில் இல்லை. தடுப்பாட்டத்திற் சிறந்தோர்க்கெனத் தனி அணி அறிவிக்கும் வழக்கமும் 1968-69இல்தான் பிறந்தது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கு விருது தந்ததும் 1969 முதலே. எனவே 'பெட்டிட்டுக்கு இறுதித் தொடர் விருது ஒன்றுமில்லை' என்று ஒருவர் எழுதினால் சொல் உண்மை, பொருள் பொய். இல்லாத கட்டம் வேறு, கட்டத்துக்குள் எழுதிய சுன்னம் வேறு. என் அறைத்தோழர் விஷயத்தில் நான் செய்த பிழையும் இதுவே.

எர்விங்கின் நிலை இன்னும் விந்தையானது. அவர் தம் இளமையின் ஐந்து ஆண்டுகளை ஏ.பி.ஏ. என்ற போட்டிச் சங்கத்தில் ஆடினார். வர்ஜீனியாவிலும் பின்னர் நியூயார்க் நெட்ஸ் அணியிலும் இருந்தார். நெட்ஸ் அணிக்கு 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் கோப்பை பெற்றுத் தந்தார். 1976இல் அச்சங்கம் மறைந்தது. அதன் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. எர்விங் பிலடெல்பியா சென்றார். 1981இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் 1983இல் கோப்பையும் பெற்றார். என்.பி.ஏ. ஏட்டை மட்டும் புரட்டினால் அவர் புள்ளிகள் 18,364. இரண்டு ஏடுகளையும் கூட்டினால் 30,026. ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் புள்ளிகள் ஒரு சங்கம் கலைந்ததால் பட்டியல்களிலிருந்து மறைந்து நிற்கின்றன. மனிதர் ஒருவரே, கூடையின் உயரமும் ஒன்றே, ஏடுதான் வேறு.

மூன்று புள்ளிக் கோடும் இத்தகையதே. என்.பி.ஏ. களத்தில் அக்கோடு 1979-80இல்தான் வரையப்பட்டது. பேர்ட் களம் புகுந்ததும் அதே பருவத்தில்தான். அதற்கு முன் ஆடியோர் எவ்வளவு தொலைவிலிருந்து எறிந்தாலும் இரண்டு புள்ளிதான்.

கோப்பை யாருடையது?

'எத்தனை கோப்பை வென்றார்?' என்று கேட்டு வழக்கை ஒரே வரியில் முடிப்போர் பலர். கோப்பை அணிக்கு உரியது. ஐவரும், மாற்று வீரரும், பயிற்சியாளரும் சேர்ந்து எடுப்பது. அதைத் தனிமனிதரின் கணக்கில் எழுதுமுன் சற்று நிற்க வேண்டும்.

பேய்லரைப் பாருங்கள். 1957-58இல் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணி வென்றது 19 ஆட்டங்களே. அவர் சேர்ந்த மறு ஆண்டில் 33 ஆட்டங்களை வென்று இறுதித் தொடருக்கே சென்றது. 1961-62இல் இராணுவக் கடமை காரணமாக 48 ஆட்டங்களே ஆடினார், சராசரி 38.3 புள்ளி. அவ்வாண்டு இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், பாஸ்டன் அணியை அதன் ஊரிலேயே எதிர்த்து, 61 புள்ளிகள் எடுத்தார். அவர் காலத்தில் அணி எட்டு முறை இறுதித் தொடருக்குச் சென்றது. எட்டு முறையும் தோற்றது. முழங்கால் நைந்து போனதால் 1971-72 பருவத்தின் தொடக்கத்திலேயே விலகினார். அவர் விலகியபின் அணி ஆடிய முதல் ஆட்டத்திலிருந்தே 33 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அவ்வாண்டே கோப்பையையும் பெற்றது. பதின்மூன்று ஆண்டுகள் உழுதவர் வரப்பில் நிற்க, விளைச்சல் வீடு வந்து சேர்ந்தது. கோப்பையின்மை அவருடைய குறை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதே கேள்வியை மறுபுறத்திலிருந்தும் கேட்போம். கார்னெட் 2007இல் பாஸ்டன் வந்தார். முந்திய பருவத்தில் 24 ஆட்டங்கள் வென்ற அணி 2007-08இல் 66 வென்று கோப்பையும் பெற்றது. அவருடன் ரே ஆலனும் அவ்வாண்டே வந்தார் என்பதை மறக்கலாகாது. டங்கன் வந்தபோது சான் அன்டோனியோவின் வெற்றிகள் 20இலிருந்து 56ஆக உயர்ந்தன. அதற்கு முந்திய ஆண்டில் டேவிட் ராபின்சன் அடிபட்டு ஆறே ஆட்டங்கள் ஆடியிருந்தார். அவரும் திரும்பி வந்திருந்தார். பேர்ட் சேர்ந்தபோது பாஸ்டனின் வெற்றிகள் 29இலிருந்து 61 ஆயின. இம்மூன்று ஏற்றங்களுள் பெரும்பங்கு புதிய ஒருவருக்கே உரியது என்று துணிந்து சொல்லத்தக்கது பேர்ட்டின் ஏற்றமே என்பது என் கருத்து.

ஆயினும் கோப்பையை அறவே ஒதுக்கவும் வேண்டா. எத்தனை என்று எண்ணுவதைவிட, பெரிய நாளில் அவர் என்ன செய்தார் என்று கேட்பதே தகும். 1958இல் பாஸ்டனை வீழ்த்திய இறுதி ஆட்டத்தில், அணியின் 110 புள்ளிகளுள் பெட்டிட் எடுத்தவை 50. பாஸ்டன் எடுத்தது 109. அத்தொடரில் பாஸ்டனின் பில் ரசல் கணுக்காலில் அடிபட்டிருந்தார் என்பதையும் நேர்மைக்காகச் சேர்த்துக்கொள்வோம். ஜெர்மானியரான நொவிட்ஸ்கி 2007இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். அவ்வாண்டு 67 ஆட்டங்கள் வென்ற அவர் அணி, எட்டாம் இடத்து அணியிடம் முதற்சுற்றிலேயே வீழ்ந்தது. நான்காண்டு கழித்து 2011இல், மயாமியை எதிர்த்த இறுதித் தொடரில் ஓர் ஆட்டத்தைக் காய்ச்சலோடு ஆடி வென்றார். கோப்பையும் தொடர் விருதும் அவர் கைக்கு வந்தன. 2007இன் நொவிட்ஸ்கியும் 2011இன் நொவிட்ஸ்கியும் ஒரே மனிதர்தாம்.

உச்சமும் நீட்சியும்

மலை உயரமானதா, நீளமானதா என்று கேட்டால் இரண்டுக்கும் தனித்தனி அளவு வேண்டும். பேர்ட் 13 பருவங்களில் 897 ஆட்டங்கள் ஆடினார். சராசரி 24.3 புள்ளி, 10.0 ரீபவுண்டு, கூட்டாளி கூடை போடத் தோதாகக் கொடுத்த பந்து 6.3. 1984, 1985, 1986 என்று மூன்றாண்டு தொடர்ந்து சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். அவருக்கு முன் அவ்வாறு பெற்றோர் பில் ரசலும் வில்ட் சேம்பர்லினுமே. பின்னர்க் குதிகாலும் முதுகும் நொந்தன. களத்தோரத்தில் நாற்காலியில் உட்கார இயலாமல் தரையிற் படுத்துக் கிடந்து, முறை வந்ததும் எழுந்து ஆடினார். 1992இல் விடைபெற்றார்.

மலோன் 19 பருவங்களில் 1,476 ஆட்டங்கள் ஆடினார். யூட்டா அணியில் அவர் இருந்த 18 பருவங்களில் ஆடாமல் விட்ட ஆட்டங்கள் பத்தே! 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் சிறந்த ஆட்டக்காரர். அவர் ஓய்வு பெற்றபோது மொத்தப் புள்ளியில் அவருக்கு மேல் கரீம் அப்துல் ஜப்பார் ஒருவரே இருந்தார். 2022இல் லெப்ரான் ஜேம்ஸ் மலோனைக் கடந்தார். ஒவ்வொரு நாளும் வந்து நிற்பதும் ஒரு திறமைதான். விடியற்காலைப் பனியில் பயிற்சிக்கு எழ முயன்றுள்ள நமக்கு இது சொல்லாமலே விளங்கும். ஆயினும் மூன்று முறை இறுதித் தொடர் கண்டும் அவருக்குக் கோப்பை கிட்டவில்லை. மெஸ்ஸில் நான் தட்டிய மேசைக்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்: 36,928 என்பது நீட்சியின் அளவு, உச்சத்தின் அளவன்று.

என் தீர்ப்பு

நான்கு கேள்விகளைக் கோலாகக் கொண்டேன். தம் காலத்தின் படியால் அளந்தால் எவ்வளவு? இரு பக்கமும் ஆடினாரா, அதாவது எடுப்பதோடு தடுக்கவும் செய்தாரா? பெரிய நாளில் எப்படி? எத்தனை ஆண்டு?

நான்கிலும் குறையின்றி நிற்பவர் டிம் டங்கன். கரீபியன் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவில் பிறந்து, நீச்சல் வீரராக வளர்ந்தவர். 1989இன் புயல் அங்கிருந்த பெரிய நீச்சற்குளத்தை அழித்ததால் பந்தைக் கையில் எடுத்தவர். 19 பருவங்கள் ஒரே அணி, 1,392 ஆட்டங்கள், 1,001 வெற்றிகள். சராசரி 19.0 புள்ளி, 10.8 ரீபவுண்டு. பதினைந்து முறை ஆண்டின் சிறந்த அணிகளிலும் பதினைந்து முறை சிறந்த தடுப்பாட்ட அணிகளிலும் இடம் பெற்றார். 1999 முதல் 2014 வரை ஐந்து கோப்பைகள். 2003 இறுதித் தொடரின் முடிவாட்டத்தில் 21 புள்ளி, 20 ரீபவுண்டு, கூட்டாளிகளுக்குக் கொடுத்தது 10, தட்டி வீழ்த்தியது 8. இது ஒரு பெரிய நாளின் முழுக் கணக்கு. பத்தொன்பது ஆண்டும் கிரெக் பொப்போவிச் என்ற ஒரே பயிற்சியாளர் வாய்த்தது அவர் நற்பேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருப்பினும் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட என் கை கூசுகிறது. ஆகவே மூன்று படிகளாக வைக்கிறேன். முதற்படியில் டங்கன், பேர்ட். இரண்டாம் படியில் கார்னெட், மலோன், பெட்டிட். மூன்றாம் படியில் எர்விங், நொவிட்ஸ்கி, பேய்லர். பெட்டிட்டை இரண்டாம் படிக்கு உயர்த்தியது, ஆடிய பதினோரு ஆண்டுகளில் பத்து முறை முதல் அணியிலும் ஒருமுறை இரண்டாம் அணியிலும் அவர் நின்றமை. அன்று எட்டு அல்லது ஒன்பது அணிகளே இருந்தன என்பதை நினைத்தே அதற்கு மேல் உயர்த்தவில்லை. எர்விங் எண்ணப்படாத ஆண்டுகளைச் சேர்த்தும், மற்றைய இருவர் தடுப்பாட்டத்தில் முன்னோர்க்குச் சற்றுக் குறைந்தும் அங்கு நிற்கின்றனர்.

ஏன் படிகள்? டங்கனுக்கும் பேர்ட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு என் கோலின் பிழையைவிடச் சிறியது. கார்னெட் சான் அன்டோனியோவிலும் டங்கன் மினசோட்டாவிலும் ஆடியிருந்தால் நாம் எவரை எங்கே வைத்திருப்போம்? கோப்பைகள் இடம் மாறியிருக்கக்கூடும்; மனிதர் மாறியிருக்கமாட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய மறுகணமே, அளவில் இல்லாத இடைவெளியை எண் உண்டாக்கிவிடுகிறது. முதல்வருக்கும் எட்டாமவருக்கும் உள்ள வேற்றுமையை என் கோல் காட்டும். அடுத்தடுத்து நிற்கும் இருவருக்குள் உள்ளதைக் காட்ட அதற்கு வலிமை இல்லை.

பதின்மூன்றாம் பெயர்

இங்கேதான் என் பழைய ஏடு நினைவுக்கு வருகிறது. மூன்று வார ஆட்டத்தில் நான்கு புள்ளி! இரண்டு முறை பந்து வளையத்தில் சுழன்று உள்ளே விழுந்தால் நான்கு. வெளியே விழுந்தால் ஒன்றுமில்லை. அந்த நான்கைச் சுவராகக் கட்டி, ஒருவரை உள்ளேயும் ஒருவரை வெளியேயும் நிறுத்தினேன். பன்னிருவர்தாம் ஆட முடியும் என்பது உண்மை. கோடு எங்கேனும் விழுந்தே தீரும். ஆனால் கோட்டின் அருகே நிற்பவரை, தொலைவில் நிற்பவரைப் போல ஒரே நோட்டத்தில் தள்ளிவிடுவது நீதியன்று. அங்கே மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். வேறொரு கோலாலும் அளக்க வேண்டும்.

இவ்வாண்டு எங்கள் ஏட்டில் ஆறு கட்டங்கள் உள்ளன: எடுத்த புள்ளி, எறிந்த முறை, ரீபவுண்டு, கூட்டாளிக்குக் கொடுத்தது, பந்தை இழந்தது, தான் காத்த ஆள் எடுத்த புள்ளி. கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும் நால்வருக்கு மேலும் ஒரு வாரப் பயிற்சி ஆட்டம் என்பதும் விதி. ஆறாம் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னவர் என் அறைத்தோழர். அவருக்கு இது இறுதியாண்டு. ஆய்வுக்கூட வேலை மிகுதி என்று கூறித் தேர்வுக்கு வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தும் உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. மாலை வேளைகளில் வந்து ஏட்டை நிரப்பித் தருகிறார்.

இக்கட்டுரையை முதலில் அவரிடமே காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "எல்லாம் சரி, பேய்லரை இன்னும் ஒரு படி மேலே வைத்திருக்கலாம்" என்றார். இராணுவத்துக்கும் களத்துக்கும் ஓடிக்கொண்டே 38.3 சராசரி எடுத்ததை நான் போதுமான அளவு எடைபோடவில்லை என்பது அவர் வாதம். இரவு பதினொன்று வரை பேசினோம். அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆயினும் என் படிகளை இப்போதைக்கு மாற்றவில்லை.

நண்பர்களே, உங்கள் வரிசை வேறாக இருக்கலாம், இருக்கட்டும். எழுதி அனுப்புங்கள். ஆனால் பெயர்களுக்கு முன்னால் உங்கள் கோலை எழுதுங்கள். அது எதை அளக்கும், எதை அளக்காது என்பதையும் ஒரு வரியில் குறியுங்கள். அதன்பின் மேசையைத் தட்டலாம்.